நின்றால் தலைசுற்றல், நெஞ்சு படபடப்பு: டிஸ்ஆட்டோனோமியாவோடு சிங்கப்பூரில் சமாளிப்பது எப்படி

படுத்திருக்கும்போது ஒன்றுமில்லை, உட்கார்ந்திருந்தாலும் ஓரளவு பரவாயில்லை, ஆனால் எழுந்து நின்ற கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுக்கிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது, பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் மறந்துபோகிறது. கிளினிக்குக்குப் போனால் ஈசிஜி நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல், பிரஷரும் நார்மல். ‘டென்ஷனைக் குறைங்க, நல்லா தூங்குங்க’ என்று சொல்லி ஒரு நாள் எம்சி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் ‘உடம்புல ரத்தமே இல்ல, பேரீச்சம்பழம் சாப்பிடு’ என்கிறார்கள். இந்த நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கோவிட் வந்துபோன பிறகு பாட்ஸ் (POTS) வந்தது, அதாவது நின்றால் இதயத் துடிப்பு அளவுக்கு மீறி ஏறுகிற நிலை. அப்பாவுக்குப் பல வருட நீரிழிவால் வேறு ஒரு வகை. இரண்டுமே டிஸ்ஆட்டோனோமியாதான், அதாவது உடம்பைத் தானாக இயக்குகிற நரம்புகளில் வரும் கோளாறு. ஆனால் எனக்கு மருத்துவர் சொன்ன உப்பையும் தண்ணீரையும் அப்பா எடுத்துக்கொண்டால் அவருக்கு ஆபத்து, அவருடைய மாத்திரையை நான் விழுங்கினால் எனக்கு ஆபத்து. அதனால் உங்களுக்கு இருப்பது எது என்று தெரிந்துகொள்ளாமல் இணையத்தில் படித்ததை எல்லாம் செய்ய ஆரம்பிக்காதீர்கள். அதைத் தெரிந்துகொள்ள முதல் வழி ரொம்ப எளிது: நிற்க வைத்து அளக்க வேண்டும். உட்கார வைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் இந்த நோய் கண்ணில் படாமலே போய்விடும்.

நிற்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது

நாம் நினைக்காமலே உடம்பு தானாகச் செய்கிற வேலைகளை எல்லாம் பார்த்துக்கொள்வது தன்னியக்க நரம்பு மண்டலம். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, செரிமானம், சிறுநீர்ப்பை, கண்மணி சுருங்கி விரிவது, உடல் சூடு எல்லாம் அதன் கையில். இதில் எந்த இடத்தில் கோளாறு வந்தாலும் அதற்கு டிஸ்ஆட்டோனோமியா என்று பெயர். அதனால்தான் ஒருவருக்கு மயக்கம், இன்னொருவருக்கு மலச்சிக்கல், வேறொருவருக்கு வியர்வையே வராமல் இருப்பது என்று ஆளுக்கு ஆள் மாறுகிறது.

நாம் எழுந்து நின்றவுடன் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் வயிற்றுப் பகுதிக்கும் காலுக்கும் இறங்கிவிடும். நல்ல உடம்பில் கழுத்திலும் நெஞ்சிலும் இருக்கிற அழுத்த உணரிகள் அதை உடனே கண்டுபிடித்துவிடும், நரம்புகள் ரத்தக் குழாய்களை இறுக்கும், இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும், சில நொடிகளில் எல்லாம் சரியாகிவிடும். பத்தாவது மாடிக்குத் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் பம்பு ஓடினால் மட்டும் போதாது, குழாயில் அழுத்தமும் இருக்க வேண்டும் அல்லவா, அதே கதைதான்.

பெரும்பாலும் நாம் சந்திக்கிற வகைகள் மூன்று. பாட்ஸில் குழாய்கள் சரியாக இறுகாததாலோ ரத்தத்தின் மொத்த அளவே குறைவாக இருப்பதாலோ இதயம் தாறுமாறாக வேகமெடுத்து ஈடுகட்டப் பார்க்கும். பிரஷர் பெரிதாக இறங்காது. இது அதிகமாக வருவது 15 முதல் 50 வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு, பல நேரம் ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு. இந்தப் பெயரே 1993இல்தான் மருத்துவ இதழ்களில் நிலைபெற்றது, அதனால் எல்லா மருத்துவர்களுக்கும் இது சட்டென்று நினைவுக்கு வராததில் வியப்பில்லை. இரண்டாவது வகையில் எழுந்தவுடன் பிரஷரே விழுந்துவிடும். நீரிழிவு, பார்க்கின்சன் நோய், வயது, சாப்பிடுகிற மாத்திரைகள் என்று காரணங்கள் பல. மூன்றாவது, ரத்தத்தைப் பார்த்தாலோ, ஊசி போட்டாலோ, வெயிலில் ரொம்ப நேரம் நின்றாலோ பிரஷரும் துடிப்பும் ஒன்றாக இறங்கி ஆளைச் சாய்த்துவிடுகிற சாதாரண மயக்கம். பள்ளி அசெம்பிளியில் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் இதுதான்.

வீட்டிலேயே அளப்பது

கார்டியன், வாட்சன்ஸ் மாதிரி கடைகளில் கிடைக்கும் மேல்கையில் கட்டுகிற பிரஷர் கருவி ஒன்று வேண்டும். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் துடிப்புக்கு அது உதவும், பிரஷருக்குக் கருவிதான். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், தனியாகச் செய்யாதீர்கள். ஏற்கெனவே அடிக்கடி மயங்கி விழுபவர் என்றால் வீட்டில் முயலவே வேண்டாம், மருத்துவரிடமே செய்துகொள்ளுங்கள்.

காலையில், கோப்பி குடிப்பதற்கு முன், கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு 5 முதல் 10 நிமிடம் பேசாமல் படுத்திருங்கள். பிரஷரும் துடிப்பும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் எழுந்து சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள், குதிகால் சுவரிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். கால் மாற்றி நிற்பது, ஆடுவது, பேசுவது எதுவும் கூடாது, ஏனென்றால் கால் தசை அசைந்தாலே ரத்தம் மேலே ஏறி உண்மை மறைந்துவிடும். நின்ற 1, 3, 5, 10 நிமிடங்களில் பிரஷர், நடுவே ஒவ்வொரு நிமிடமும் துடிப்பு. பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும், கூடவே ‘இப்போ கை ஜில்லுனு இருக்கு’, ‘கண் மங்குது’ என்று நீங்கள் சொல்வதையும் நேரத்தோடு குறிக்கட்டும். கால் நிறம் மாறிச் சிவந்தோ ஊதாவாகவோ ஆனால் போட்டோ எடுத்துவையுங்கள். மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் அங்கேயே நிறுத்திப் படுத்துவிடுங்கள், 10 நிமிடத்தை முடித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இதற்காக வழக்கமான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

எண்களை எப்படிப் படிப்பது? இரண்டு மாதிரிகளைப் பாருங்கள். ஒருவருக்குப் படுத்திருக்கும்போது பிரஷர் 112/70, துடிப்பு 72. நின்ற 3வது நிமிடத்தில் துடிப்பு 106, 10வது நிமிடத்தில் 118, பிரஷர் 114/78. பிரஷர் அசையவில்லை, துடிப்பு மட்டும் 46 ஏறியிருக்கிறது. பெரியவர்களுக்கு 10 நிமிடத்துக்குள் 30 அல்லது அதற்கு மேல், 12 முதல் 19 வயதுக்காரர்களுக்கு 40 அல்லது அதற்கு மேல் ஏறி, பிரஷர் விழாமல், தொல்லைகள் 3 மாதமாவது தொடர்ந்தால் பாட்ஸாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

இன்னொருவருக்குப் படுத்திருக்கும்போது 150/80, துடிப்பு 76. நின்ற முதல் நிமிடத்தில் 118/64, துடிப்பு 80. மேல் எண் 32 விழுந்திருக்கிறது. 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தாலே அது நிற்கும்போது வரும் தாழ்வு அழுத்தம். இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது துடிப்பை. பிரஷர் இவ்வளவு விழுந்தும் இதயம் வெறும் 4 துடிப்புதான் கூட்டியிருக்கிறது. நரம்பு நன்றாக இருந்தால் இதயம் துள்ளிக் குதித்து ஓடியிருக்கும். ஓடவில்லை என்றால் சேதி போகும் வழியே பழுதாகியிருக்கலாம் என்று பொருள். அதுவே பிரஷர் விழுந்து துடிப்பும் நன்றாக ஏறியிருந்தால் உடம்பில் தண்ணீர் வற்றியது, ரத்தசோகை, மாத்திரை மாதிரி காரணங்களை முதலில் பார்ப்பார்கள். அப்பாவின் எண்கள் இந்த இரண்டாவது மாதிரியாகத்தான் இருந்தன, அவர் நிற்கும்போது தடுமாறுவதை நாங்கள் எல்லோரும் வயசாயிடுச்சு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வேறு வேறு நாட்களில், காலையிலும் மாலையிலும் அளந்து ஒரு தாளில் வரிசையாக எழுதிவையுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் கையில் இருக்கிற பெரிய ஆயுதம்.

மருத்துவரிடம் என்ன சொல்வது

பாலிகிளினிக் வழியாகப் போவதுதான் நல்லது, அங்கிருந்து மருத்துவமனை நிபுணருக்குக் கடிதம் கிடைத்தால் அரசு மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். அரசின் ஹெல்த்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்த குடும்ப மருத்துவர் இருந்தால் உங்கள் பழைய கதை அவருக்குத் தெரியும் என்பதால் அவரிடமே தொடங்கலாம். ‘டாக்டர், எனக்கு ஒரே டயர்டா இருக்கு’ என்று ஆரம்பித்தால் பேச்சு தூக்கத்தையும் மன அழுத்தத்தையும் நோக்கிப் போய்விடும். ‘நின்றால் துடிப்பு இவ்வளவு ஏறுகிறது, படுத்தால் இத்தனை நிமிடத்தில் இறங்குகிறது, இதோ தாள், இங்கேயே ஒரு முறை படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்க்க முடியுமா’ என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் தயங்கக் கூடாது. பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் அவர்கள் டாக்டர் முன்னால் ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று தலையாட்டிவிடுவார்கள், நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, புராஸ்டேட்டுக்குத் தரும் சில மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் எல்லாம் நிற்கும்போது பிரஷரை இறக்கும். சித்த, ஆயுர்வேத லேகியமோ தேக்காவில் வாங்கிய பொடியோ இருந்தால் அதையும் சேர்த்தே காட்டுங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, அட்ரினல் சுரப்பி, இதயத் துடிப்புக் கோளாறு இவற்றை முதலில் விலக்குவார்கள். பிறகு தேவைப்பட்டால் சாய்மேசைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்: மேசையில் பட்டை போட்டுப் படுக்க வைத்து 60 முதல் 70 பாகை வரை தலையை நிமிர்த்தி, துடிப்பையும் பிரஷரையும் தொடர்ந்து பார்ப்பார்கள். அது வலிக்காது, ஆனால் உங்கள் தொல்லைகள் அப்படியே வரும், அதற்காகத்தான் அந்தப் பரிசோதனையே. அன்றைக்குத் துணைக்கு ஒருவர் வரட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். ஓடும்போதோ உடற்பயிற்சியின் நடுவிலோ மயங்கி விழுந்தால், நெஞ்சு வலியோடு மயக்கம் வந்தால், படுத்திருக்கும்போதே மயக்கம் வந்தால், பேச்சு குழறினால், ஒரு பக்கம் கை கால் விழுந்தால், மலம் கறுப்பாகப் போனால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அது இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம்.

தண்ணீரும் உப்பும்

இங்கேதான் குழப்பமே. சுகாதார மேம்பாட்டு வாரியம் நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு. பெரும்பாலான மக்களுக்கு அது முற்றிலும் சரி. பாட்ஸ் இருப்பவருக்கோ மருத்துவர் அதைவிட இரண்டு மடங்கு, நாளுக்கு 10 கிராம் உப்பு வரைகூடச் சொல்லலாம், கூடவே 2 முதல் 3 லிட்டர் தண்ணீர். காரணம் எளிது: உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், ரத்தத்தின் அளவு கூடும், இதயம் அவ்வளவு ஓட வேண்டியதில்லை. உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் குடத்துக் கணக்கில் குடித்தால் பாதி கழிப்பறைக்குத்தான் போகும்.

ஆனால் உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை, இதயச் செயலிழப்பு இதில் எது இருந்தாலும் உப்பைக் கூட்டவே கூடாது. நீரிழிவு உள்ள அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் படித்துவிட்டு உப்புத் தண்ணீர் கலந்து கொடுப்பது மிகவும் தப்பு. மருத்துவர் வாய்விட்டு ‘கூட்டுங்கள்’ என்று சொன்ன பிறகுதான் கூட்ட வேண்டும், அப்போதும் பிரஷரை வீட்டில் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூட்டச் சொல்லிவிட்டார்கள் என்றால் நம் சமையலில் வழி நிறைய இருக்கிறது. காலையில் உப்புப் போட்ட மோர், பதினொரு மணிக்கு ரசம் ஒரு டம்ளர், பழைய கஞ்சியோடு ஊறுகாய், மீன் சூப். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. வெயிலில் வெளியே போகும் நாளில் மருந்துக்கடை ஓஆர்எஸ் பாக்கெட் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைத் தூள்) பையில் இருக்கட்டும், பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். 100 பிளஸ் பானம் தாகத்துக்குச் சரி, ஆனால் அதில் சோடியம் ஓஆர்எஸ்ஸைவிட ரொம்பக் குறைவு, சர்க்கரையும் சேரும். அதை மருந்தாக நினைத்துக் கேன் கேனாகக் குடிக்காதீர்கள், முக்கியமாக நீரிழிவு உள்ளவர்கள்.

தண்ணீர் குடிக்கும் நேரமும் முக்கியம். அரை லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில், மூன்று நான்கு நிமிடத்துக்குள் குடித்தால், பிரஷர் விழுகிற வகையில் சிறிது நேரத்திலேயே பிரஷர் ஏறி ஒரு மணி நேரம்போலத் தாங்கும். தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் இதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காலையில்தான் பலருக்கும் மோசம் என்பதால் கட்டில் பக்கத்தில் பாட்டிலை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடி குடித்து, காலைத் தொங்கப்போட்டு கணுக்காலை மேலும் கீழும் ஆட்டி, அப்புறம் எழுந்திருங்கள். அலாரம் அடித்ததும் குதித்து எழுகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

எம்ஆர்டியில், கடையில், கோயிலில் நிற்பது

நடப்பதைவிட அசையாமல் நிற்பதுதான் கஷ்டம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், நின்றால் அது நின்றுபோகும். அதனால் பிளாட்பாரத்தில், லிஃப்ட்டுக்காக, காசு கொடுக்கிற வரிசையில், எங்கே நின்றாலும் சும்மா நிற்காதீர்கள். காலைக் குறுக்காகப் போட்டுத் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள், குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், இரண்டு கை விரல்களையும் கோத்து எதிரெதிராக இழுங்கள். கண் இருட்டத் தொடங்கினால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுங்கள், செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

எம்ஆர்டி நிலையத்தில் இருக்கும் பயணிகள் சேவை நிலையத்தில், உட்கார இடம் வேண்டும் என்று தெரிவிக்கிற கழுத்துப் பட்டையும் அட்டையும் கேட்டு வாங்கலாம். பார்த்தால் நோயாளி மாதிரி தெரியாத, ஆனால் நிற்க முடியாதவர்களுக்காகவே அது. இளம் வயதுப் பெண் முன்னுரிமை இருக்கையில் உட்கார்ந்தால் சிலர் முறைப்பார்கள். பட்டை கழுத்தில் இருந்தால் அந்த முறைப்பு குறைகிறது. முடிந்தால் வேலை நேரத்தை அரை மணி நேரம் முன்பின்னாக மாற்றிக் கேளுங்கள், காலை எட்டு மணி ரயிலில் நின்று போவதுதான் ஒரு நாளின் சக்தியில் பாதியைத் தின்றுவிடுகிறது.

ஹாக்கர் சென்டரில் முதலில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்து உட்காருங்கள், கூட வந்தவர் வரிசையில் நிற்கட்டும். தனியாகப் போனால் நீண்ட வரிசைக் கடையை விட்டுவிடுங்கள். நடந்து போகிற பாதையைப் புளோக்குகளின் கீழ்த்தளம் வழியாக வைத்துக்கொண்டால் நிழலும் உண்டு, கல் மேசையும் நாற்காலியும் உண்டு.

தைப்பூசம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர், வெறுங்கால், விரதம், வெயில், வரிசையில் நின்று நின்று போவது. இந்த உடம்புக்குக் கெடுதலானது எல்லாம் ஒரே நாளில் சேருகிறது. பால்குடம் எடுப்பது நேர்த்திக்கடன் என்றால் முந்தின இரவே கிளம்பும் கூட்டத்தோடு போங்கள், மருத்துவரிடம் கேட்டுவிட்டு, துணைக்கு ஒருவரோடு. விரதத்தில் நீராகாரத்தை விடாதீர்கள். முடியவில்லை என்றால் அடுத்த வருடம் எடுக்கலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்பது என் உறுதியான நம்பிக்கை. நோன்பு வைக்கும் முஸ்லிம் நண்பர்களும் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடமும் உஸ்தாதிடமும் பேசிவிடுவது நல்லது. பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பது பாட்ஸுக்கு மிகக் கடினம், நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது.

வெயில், குளியல், சாப்பாடு

சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரியும், வியர்வையில் உப்பும் நீரும் போகும். இங்கே பகல் 31, 32 டிகிரி, காற்றில் ஈரமோ சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், வியர்வை எளிதில் காய்வதில்லை. வெளி வேலைகளைக் காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை ஆறுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். குடை, கையடக்க விசிறி, நனைத்த துண்டு கழுத்தில். ஏசியிலிருந்து வெளியே வரும்போது லிஃப்ட் பக்கத்திலோ வாசலிலோ கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

குளியலறை பலருக்கும் ஆபத்தான இடம். சூடான தண்ணீர், நிற்பது, கையைத் தூக்கித் தலைக்கு ஷாம்பு போடுவது மூன்றும் சேரும்போது துடிப்பு எகிறும். ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கிப் போட்டு உட்கார்ந்து குளியுங்கள், ஹீட்டரைக் குறையுங்கள், கதவைத் தாழிடாமல் சும்மா சாத்திவையுங்கள். காலை எழுந்தவுடன் தலைக்குக் குளிப்பதைவிட மாலையில் குளிப்பது எனக்கு ஒத்துவருகிறது.

வயிறு முட்டச் சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குப் போய்விடும், மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு எழுந்தவுடன் சுற்றுவது இதனால்தான். சோற்றைக் குறைத்து, முட்டை, பருப்பு, மீன், காய் கூட்டி, மூன்று வேளையை ஐந்தாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். மது வேண்டவே வேண்டாம், குழாய்களை விரிக்கும். கோப்பி விஷயத்தில் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கிறது. சிலருக்கு உதவுகிறது, சிலருக்குப் படபடப்பைக் கூட்டுகிறது. அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

இறுக்கும் உறையும் உடற்பயிற்சியும்

ரத்தம் கீழே தேங்காமல் இறுக்கிப் பிடிக்கும் காலுறைகளில் முழங்கால் வரை வருவது பெரிதாக உதவாது. ரத்தம் அதிகம் தேங்குவது வயிற்றிலும் தொடையிலும், அதனால் இடுப்பு வரை வரும் வகைதான் பயன். இந்த ஊர் வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போவது எவ்வளவு கொடுமை என்று தெரியும். அப்படிப்பட்ட நாளில் வயிற்றுப் பட்டை மட்டும் கட்டினாலே நல்ல வித்தியாசம் தெரியும், பிரசவத்துக்குப் பிறகு கட்டுவார்களே அந்த மாதிரிதான். படுக்கையிலிருந்து எழும் முன் கட்டி, இரவு படுக்கும்போது கழற்றிவிடுங்கள். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்கள், கால் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் காலுறை போடும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

உடற்பயிற்சி பாட்ஸுக்கு மருந்துக்கு நிகர், ஆனால் நின்றுகொண்டு செய்வது ஆரம்பத்தில் கூடாது. படுத்தபடி கால் தூக்குவது, சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள், துடுப்பு இயந்திரம், நீச்சல். ஆக்டிவ்எஸ்ஜி குளங்கள் நல்ல வழி, தண்ணீரே காலைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பதால் உடம்பு லேசாக இருக்கும். தனியாக இறங்காதீர்கள், குளத்தை விட்டு ஏறும்போது அந்த இறுக்கம் திடீரென்று போய்விடும், படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுங்கள், பலன் தெரிய ஒன்றிரண்டு மாதங்களுக்கு மேல்கூட ஆகும். கோவிட்டுக்குப் பிறகு வந்தவர்களில் சிலருக்குக் கொஞ்சம் உழைத்தாலும் மறுநாள் அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யவே கூடாது, குறைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேச வேண்டும்.

மாத்திரைகள் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது மருத்துவர் வேலை. புளூட்ரோகார்ட்டிசோன் உப்பையும் நீரையும் உடம்பில் நிறுத்தும், பொட்டாசியத்தைக் குறைக்கும், அதனால் ரத்தப் பரிசோதனை அவசியம். மிடோட்ரின் குழாயை இறுக்கும், அதைச் சாப்பிட்டுவிட்டு 4 மணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது, படுத்தால் பிரஷர் எகிறும். புரோப்ரனோலோல், ஐவாபிராடின் துடிப்பைக் குறைக்கும். ஒருவருக்கு ஒத்துப்போனது இன்னொருவருக்கு ஒத்துப்போக வேண்டியதில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு

நரம்பு கெட்டவர்களுக்கு ஒரு விசித்திரமான நிலை உண்டு: நின்றால் பிரஷர் விழும், படுத்தால் உயரும். இரவில் படுத்திருக்கும்போது பிரஷர் உயர்வதால் சிறுநீர் அதிகம் பிரியும், அவர்கள் அடிக்கடி எழுவார்கள், எழுந்தவுடன் விழுவார்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்துங்கள், தலையணையை மட்டும் உயர்த்துவது போதாது. ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை சின்ன விளக்கு எரியட்டும். வீவக வீடு என்றால், முதியோருக்காக வீட்டைப் பாதுகாப்பாக மாற்றித் தரும் ஈஸ் திட்டத்தின் கீழ் கழிப்பறையில் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் மானியத்தில் போட்டுத் தருவார்கள், விண்ணப்பித்துவிடுங்கள். அப்பா முதலில் ‘எனக்கு எதுக்குக் கம்பி’ என்றார், இப்போது அதைப் பிடிக்காமல் எழுவதில்லை.

வேலையிடத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று, நடுவில் பத்து நிமிடம் காலைத் தூக்கி வைக்க ஓர் இடம், வீட்டிலிருந்து வேலை செய்ய வாரத்தில் ஓரிரு நாள் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், மருத்துவர் கடிதத்தோடு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அசெம்பிளியில் உட்காரவும் வகுப்பில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளவும் அனுமதி வாங்குங்கள். தேசிய சேவைக்குப் போகிற பையன்கள் முன்பரிசோதனையின்போதே மயக்கம் வந்த கதைகளையும் மருத்துவ அறிக்கைகளையும் கொடுத்துவிட வேண்டும், மறைப்பது வீரம் அல்ல. அடிக்கடி மயக்கம் வருபவர்கள் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை வண்டி ஓட்டக் கூடாது.

கூட இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொடுங்கள். விழுந்தவரை நிமிர்த்தி நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள், நம் ஊரில் எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தரையிலேயே மல்லாக்கப் படுக்க வைத்து, காலை ஒரு பையின் மேலோ நாற்காலியின் மேலோ தூக்கி வையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள். நினைவு முழுதாகத் திரும்பும் முன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் கண் திறக்காவிட்டால், தலையில் அடிபட்டிருந்தால், மூச்சு சரியில்லை என்றால் 995. கண் திறந்துவிட்டால் இன்னும் பத்து நிமிடம் படுத்திருக்கட்டும், அப்புறம் உட்காரட்டும், தண்ணீர் குடிக்கட்டும், அதற்குப் பிறகுதான் எழுந்திருக்க வேண்டும்.